சாக்கட்டி ஞாயிறு

தவக்காலத்தின் முதல் ஞாயிறு.
கோயில் மதிலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த பையன்கள்
என் கறுப்பு மேலங்கியின் முதுகில்
கோடு கிழித்துவிட்டு ஓடினார்கள்.
நான் திரும்பவில்லை.
கல்யாணமாகாதவர்களுக்குப் போடுகிற கோடு.
எனக்கு ஏழாவது வருஷம்.
போன முறையைவிட நீளம் என்றது தோளெலும்பு.

திருநீற்றுப் புதனுக்குள் முடிந்திருக்க வேண்டிய சம்பந்தம்.
தரகர் ஃபெஸ்டஸ் விஸ்கிப் போத்தலை
மேசையில் ஆணி அடித்தாற்போல் வைத்தார்.
நூற்றிருபது பவுண்டு என்றார்.
தொண்ணூறு என்றார் அப்பா, கூட ஒரு கிடாரி.
பால் அறையில் கடைந்துகொண்டிருந்த நான்
விலை ஏறும்போது மத்தை நிறுத்தினேன்,
இறங்கும்போதும்.
எப்படியோ வெண்ணெய் திரண்டது.
தாழி உடைந்தது மறுநாள்.

மறுநாள் அப்பா நிலம் பார்க்கப் போனார்.
ஈர மண்ணைக் குதிகாலால் அமுக்கினார்.
கிணற்று நீரைக் குடித்துப் பார்த்தார்.
பதினொரு மாடு. இரண்டு தடவை எண்ணினார்.
உள்ளங்கையில் எச்சில் துப்பி
மாப்பிள்ளை கையில் ஓங்கி அடிக்கப் போன நேரம்
கறவைப் பொழுது இறங்கிவிட்டது.
இரண்டு மாடுகள் மந்தையை விட்டு விலகி,
கல்வேலி இடைவெளியில் நுழைந்து,
மடி கனக்க,
கில்ராய் வீட்டுக்குத் தம் பாட்டுக்கு நடந்தன.
யாரும் எதுவும் பேசவில்லையாம்.
அப்பா கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

பார்ட்லியை ஒரே தடவைதான் பார்த்திருக்கிறேன்,
பாலினா சந்தையில்.
யாருடைய கழுதையோ, அதன் குளம்பில் சிக்கிய கல்லை
வீட்டுச் சாவியால் நெம்பிக்கொண்டிருந்தான்.
அவ்வளவுதான்.
பேரத்தில் அதை யாரும் சேர்க்கவில்லை.

இன்று பூசையில், ஆண்கள் பக்கம்,
மூன்றாம் வரிசையில் மண்டியிட்டிருந்தவன் முதுகில்
கோணலாய் ஒரு சாக்கட்டிச் சிலுவை.
அவனுக்குத் தெரியாது.
சாமியார் லத்தீனில் என்னவோ சொன்னார்.
நான் சிரிப்பை அடக்க விரலைக் கடித்தேன்.

வெளியே தூறல்.
தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றான்.
"முதுகில் கோடு. துடைக்கட்டுமா?"
"முதலில் உங்களுடையதை."
வாலைத் தேடும் நாய்போல ஒரு சுற்றுச் சுற்றினான்.
காது சிவந்தது.
"ஒன்பதுதான்" என்றான் பிறகு. "மாடு."
"தெரியும்."
மழை எங்கள் இருவர் முதுகையும்
அரைகுறையாய்க் கழுவிக்கொண்டிருந்தது.
"அந்த ஒன்பதில் உதைக்கிறது எது?" என்று கேட்டேன்.

வண்டியிலிருந்து அப்பா இருமினார்.
இருமட்டும்.