மின்விசிறி போடாத வீடு

பொதட்டூர்பேட்டையில்
மின்விசிறி இருந்தும் போடாத வீடு எங்களுடையது.
கரண்டு பில்லுக்குப் பயந்து இல்லை.
தெலுங்கில் பாதி எழுத்துக்குத் தலைமேல் ஒரு கொக்கி,
தலக்கட்டு என்பார்கள்.
பொன்தாளில் நகக்கண் அளவு வெட்டி வைத்தால்
ஒரு சுற்றுக் காற்றுக்கே சமையலறை போய்விடும்.
போன முகூர்த்தத்தில் பதினேழு கொக்கிகளைத்
தோசைமாவிலிருந்து பொறுக்கினேன்.

மாப்பிள்ளை பெயர் ரகு.
வட்டம் ஒட்டி, மேலே கொக்கி ஒட்டினால் ர.
கொக்கி விழுந்தால் வெறும் பூஜ்யம்.
பூஜ்யத்தைக் கட்டிக்கொள்ள
எந்தப் பெண் சம்மதிப்பாள்?
அறுநூறு கவர், அறுநூறு ரகு,
சனிக்கிழமை பொத்துன வேணும் அம்மா
என்கிறார் நகரிக் கடை ரெட்டெப்பா.

நமக்கு ஆடி. கல்யாணம் கிடையாது.
அவர்களுக்கு அமாவாசை கழிந்ததும் சிராவணம் பிறந்துவிடும்.
இரண்டு பஞ்சாங்கத்துக்கும் நடுவில்
கத்தரியோடு உட்கார்ந்தவளுக்கு
எந்த மாதமும் லீவு இல்லை.

தறி நிறுத்தி முனிகிருஷ்ணன் வரும்போது மணி எட்டு.
காதில் பஞ்சுத் தூசியோடு
பிள்ளைகளை மடியில் போட்டுக் கதை தொடங்குவார்.
இந்த மாதம் ஒரு பல்லி
திருப்பதிக்கு பஸ் ஏறியிருக்கிறது.
கண்டக்டர் தெலுங்கு, பல்லி தமிழ்.
வால் பகுதிக்குத் தனியாகச் சீட்டு எடுக்கணுமா
என்பதில் நான்கு நாள் தகராறு.
பூர்விகா நியாயம் பேசுகிறாள்,
தருண் ஹாரன் அடிக்கிறான்.
நான் நிமிர முடியாது.
நிமிர்ந்தால் ஒரு ரகு கோணிப்போகும்.
காதை மட்டும் அனுப்பி வைப்பேன்,
அது பாதி வழியில் எண்ணிக்கைக்குத் திரும்பிவிடும்.
முந்நூற்றுப் பன்னிரண்டு, முந்நூற்றுப் பதின்மூன்று.

வியாழன் இரவு பொன்தாள் ஒன்று குறைந்தது.
தேடினால் தருணின் சட்டைப்பையில்
பன்னிரண்டு துண்டுகள்,
ஒவ்வொன்றிலும் பென்சிலில்:
பல்லி, அரை டிக்கெட்.

கத்தினேன்.
தாள் விலை சொன்னேன், ஃபீஸ் கட்டும் தேதி சொன்னேன்,
யாரால் இந்த வீட்டில் கேஸ் எரிகிறது என்றும்
சொல்லிவிட்டேன்.
அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.
பக்கத்துத் தறி மட்டும்
அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.
கணக்கு நோட்டில் எழுதினேன்:
சேதாரம், ஒரு தாள், பதினெட்டு ரூபாய்.

வெள்ளி ராத்திரி கதை இல்லை.
அமைதியில் வேலை வேகமாக நடந்தது,
அது எனக்குப் பிடித்தும் இருந்தது,
அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

சனி, ஐந்தே முக்கால் பஸ்ஸில் மூட்டை ஏறியது.
திரும்பி வந்து
கூட்டாமல், கொள்ளாமல்
மின்விசிறியை நான்கில் வைத்தேன்.
மூலையில் பதுங்கியிருந்த வட்டங்கள், ஓரங்கள்,
வேலைக்கு ஆகாத கொக்கிகள் எல்லாம் எழும்பிச்
சாமி படத்தில், கொடியில் காயும் பாவாடையில்,
தூங்குகிறவர் மீசையில்.
தருண் பாயிலிருந்தபடி
கையை வீசி ஒன்றைப் பிடித்தான்.

"பல்லி எங்கேடா இறங்கிச்சு?"

"இறங்கலை.
நீ கத்தினதும் டிரைவர் பயந்து நிறுத்திட்டார்.
ஏகாம்பரகுப்பம் தாண்டி
ரெண்டு நாளா நிக்குது பஸ்ஸு.
எல்லாரும் பசியோட இருக்காங்க."

வியர்த்த முழங்கையில் ஒரு கொக்கி ஒட்டியிருந்தது.
எடுக்கவில்லை.
ரைட் போகலாம், என்றேன்.
"உனக்குச் சீட்டு?" என்றான்.
நோட்டைத் திறந்து,
பதினெட்டு ரூபாய் எழுதிய பக்கத்தில் செருகியிருந்த
பன்னிரண்டில் ஒன்றை எடுத்து நீட்டினேன்.
அரை டிக்கெட் செல்லாது என்றாள் பூர்விகா,
கண்ணைத் திறக்காமலே.

செல்போன் அடித்தது. ரெட்டெப்பா.
ரூபாய் வந்ததா, சிராவணத்தில் இன்னொரு நானூறு,
பெண் பெயர் ஹரிதா.
ஹ. அதற்கும் கொக்கி உண்டு.
திங்கட்கிழமை பேசுங்கள் என்றேன்.
அவருக்குக் கேட்கவில்லை.
என்ன அங்கே அவ்வளவு காற்று என்றார்.