காற்றுக்கு மூன்று

கச்சான் எழும்புமுன் அறையைச் சாத்திவிட வேண்டும்.
கீழக்கரையில் சித்திரை மாதம்,
சன்னல் இடுக்கில் மெழுகு, வாசற்படியில் ஈரச்சாக்கு,
உள்ளே நானும் நாற்பது தங்கரேக்கும்.

பரமக்குடித் தட்டான் சடையாண்டி அடித்துக் கொடுத்தது.
ஒரு தும்மலுக்குத் தாங்காது.
விரலால் தொட்டால் விரலுக்கே சொந்தமாகிவிடும்.
அணில்வால் மயிரைக் கன்னத்தில் ஒருதரம் தேய்த்து
அந்தப் பிசுக்கில்தான் ரேக்கைத் தூக்குவேன்.
மூச்சை அதுவரை
எங்கே வைப்பதென்று யாரும் சொன்னதில்லை.

எழுத்து மச்சானுடையது.
சுலைமா லெப்பை எழுத்தென்றால் கடல் தாண்டியும் தெரியும்.
எள்ளெண்ணெய்ப் புகைக்கரி, கருவேலம் பிசின்,
மூன்று நாள் அரைத்தால் மை.
அரைப்பது லாத்தா.
சாதிலிங்கமும் அரிதாரமும் என் அம்மியில்.
அரிதாரம் விஷம்,
அந்த அம்மியில் தேங்காய் படாது.

தாள் கப்பலில் வந்தது.
வெயிலில் பிடித்தால் உள்ளே மூன்று பிறை,
பெரிது, நடு, சிறிது.
எந்த ஊர்க்காரன் தாளுக்குள் நிலா வைக்கிறான்?
நம் ஆட்களுக்கென்றே வைக்கிறானாம், விலை ஏற.
சிரித்துக்கொண்டே சொன்னார் அசனா மரைக்காயர்,
அந்த விலைக்கே இருபத்திரண்டு கட்டு எடுத்தவர்.

பதினேழாம் ஜுசுவில்
ஒரு சொல் விழுந்துபோயிருந்தது.

என் வேலை ஓரம் மட்டும்.
கொடி, இலை, ஆயத்து முடிகிற இடத்தில் ஒரு வட்டம்.
வட்டம் போடுமுன் உதடு தானாக ஓதும்.
உதடு போய் நின்ற இடத்தில்
தாளில் ஒன்றும் இல்லை.

மச்சானைக் கூப்பிட்டேன்.
வந்தார், பார்த்தார், உட்கார்ந்தார்.
பாங்கு சொன்னது காதில் விழுந்ததா தெரியவில்லை.
கிழித்தால் மடிப்பின் அந்தப்புறமும் போகும்,
நாலு பக்கம், போன வாரம் நான் பொன் ஒட்டியதும் சேர்த்து.
சுரண்டி நெருக்கினால் வரி முழுக்க நொண்டும்.
பழைய வழி ஒன்றுதான்:
விழுந்த சொல்லை ஓரத்தில் எழுதி
பக்கத்தில் 'சரி' என்று சின்னக் குறி.

எழுதினார்.
அந்த ஒரு சொல் மட்டும்
பள்ளிப்பையன் பலகையிலிருந்து
இறங்கி வந்தது போல் இருந்தது.

ராத்திரி லாத்தா வந்தாள்.
"செய்னம்பு, அவர் சோறு தொடவில்லை."
அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாள் வெண்கரு அடித்தேன்,
நுரை தெளியும்வரை கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு பூ.
தாமரை என்பார்கள் பார்ப்பவர்கள்.
மணலில் படரும் அடப்பங்கொடியின் பூ அது,
பெரிதாகப் போட்டதில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.
வெளியே அவுரி நீலம், உள்ளே சாதிலிங்கம்,
இதழ்களில் ரேக்கு.
சோழியால் தேய்க்கத் தேய்க்க
வெளிச்சம் மீன்வயிறு போலப் புரண்டது.
ஒரு ரேக்கு போதவில்லை. இரண்டும் போதவில்லை.
கை நடுங்கியது தெரியும்தான்,
ஆனால் கண் அங்கே போய்ச் சேர நேரமாகும்.

கட்டி முடித்ததும் மரைக்காயர்
வந்தவர்க்கெல்லாம் அந்தப் பக்கத்தைத்தான் விரித்தார்.
சேதுபதி அரண்மனைக் காரியக்காரர் குனிந்து பார்த்து
"எல்லாப் பக்கமும் இப்படிச் செய்திருக்கலாமே" என்றார்.
மச்சான் சுவரில் எதையோ தேடினார்.

கணக்கப்பிள்ளை ஆதிமூலம் புத்தகத்தைத் தொடமாட்டார், மரியாதை.
அவருக்கு ஓலை போதும்.
கொடுத்த ரேக்கு நாற்பது,
முகப்புக்கு இருபத்தாறு, ஜுசுவுத் தலைப்புகளுக்குப் பதினொன்று.
"மூன்று குறைகிறதே?"

பூவுக்கு என்றால், ஏன் பூ என்பார்.

"காற்றில் போயிற்று" என்றேன் திரைக்குப் பின்னிருந்து.
"சாத்திய அறைக்குள் எந்தக் காற்று, தாயே?"
"நான் மூச்சு விட்டேன்."

எழுத்தாணி சற்று நின்றது.
பிறகு ஓலை கீறும் சத்தம்.
எழுதியதை அவரே வாய்விட்டுப் படித்தார்:
காற்றுக்கு, மூன்று.