நேர்முகம், கொம்பனித்தெரு

பதினேழாம் மாடி. ஏசிக் குளிரில்
தொப்பியில்லாத தலையைத் தடவியபடி ஜயலத்.
பன்னிரண்டு வருடம் பொறியியல் படையணி:
ஜெனரேட்டர், கிரேன், கண்ணிவெடி அகற்றல்,
கடைசியில் ஒரு டிப்ளோமா.
"தமிழும் தெரியும், மிஸ்."

எங்கே படித்தீர்கள்?

"சோதனைச் சாவடியில்தான்.
முதலில் மூன்றே சொல்:
நில்லுங்க. இறங்குங்க. ஐ.சி. எடுங்க.
மீதியை ஒரு கடைக்காரர் சொல்லித் தந்தார்,
கடன் கொப்பியில் என் பெயரைத் தமிழில் எழுதி."

வெள்ளவத்தையில்
அம்மாவோடு பஸ்ஸிலிருந்து இறங்கிய எட்டு வயது
எனக்குள் இன்னும் வரிசையில் நிற்கிறது.

கீழே பேரை வாவியில் அன்னப் படகுகள்.
சம்பளம், இரவு வேலை, எல்லாம் பேசினோம்.
வேலை அவருக்குத்தான்; முடிவெடுத்தாயிற்று.
படிவத்தில் ஓர் இடம் மட்டும் வெறுமை.

"ஐ.சி. எடுங்க," என்றேன்.

அவர் எழுந்து நின்றுவிட்டார்.