தொண்ணூறு பாகை

கை இதற்கு மேல் போகக்கூடாது என்று
சுவரில் ஒட்டியிருந்த தசைப்படத்தில்
பென்சிலால் கோடு இழுத்தாள் ஸ்லாவிட்சா.
தொண்ணூறு பாகை.
அதைத் தாண்டினால் என் வலது தோளுக்குள்
நார் பிரிந்த கயிறு ஒன்று
எலும்பில் உரசுகிறது.

ரியேகாவில் நகரப் பேருந்து ஓட்டுகிறேன்.
பத்து மணிக்கும் இரண்டு மணிக்குமாக
ஸ்டியரிங்கைப் பிடித்த கைகள்
இப்போது எட்டுக்கும் நாலுக்கும் இறங்கிவிட்டன.
பயணிகள் கவனிக்கவில்லை.
தண்ணீர் கவனித்துவிட்டது.

துடுப்பில்லாமல் மூச்சடக்கி
குளத்தின் அடியோடு நீளவாக்கில் போவது என் ஆட்டம்.
இரண்டு கையையும் காதோரம் நீட்டினால்
ஊசியாகிவிடுவேன்.
சுவரை ஒரு உதை விட்டால் எட்டு மீட்டர் சும்மா வரும்.
பிறகு ஓர் இழுப்பு, ஒரு வழுக்கல், ஓர் உதை.
எழுபத்தைந்து வரை
எதையும் எண்ண வேண்டியிருந்ததில்லை.

சரி, ஒரு கை பார்த்துவிடலாம் என்று
நிஜமாகவே ஒரு கையோடு இறங்கினேன்.
இடக்கை முன்னால்,
வலக்கை தொடையோடு.
இடப்பக்கம் இழுத்தால் உடம்பு வலப்பக்கம் போகிறது.
மூன்றாவது இழுப்பில்
தரையின் கறுப்புக்கோடு என்னை விட்டு விலகி
பக்கத்துப் பாதையின் கோடு அடியில் வந்து நின்றது.
இண்டிகேட்டர் போடாமல் பாதை மாறியிருக்கிறேன்.
மேலே என்னோடு நீந்திவந்த லியெர்கா
குழாய்க்குள் சிரித்தது கீழே கேட்டது.

கைகளை விட்டுவிட்டேன்.
இரண்டும் தொடையோரம்.
முன்னால் போக விரல் இல்லாதபோது
நெற்றி போகிறது.
இத்தனை வருடம் கைகளுக்குப் பின்னால்
ஒளிந்து வந்த நெற்றி.
தண்ணீர் எவ்வளவு கெட்டி என்று
அதற்கு இப்போதுதான் தெரிந்தது.

கால்கள் தாழ்ந்தன.
கழுத்தில் மாட்டும் சைக்கிள் டியூபில்
இன்னும் இருநூறு கிராம் ஈயக்குண்டு போட்டேன்.
முகவாயை உள்ளே இழுத்தேன்.
முழங்கையை விலாவோடு ஒட்டி
மணிக்கட்டால் மட்டும் சின்னதாக ஒரு தள்ளல்;
மாவு பிசைகிற அளவுக்குத்தான்.
ஒரு நீளத்துக்கு ஏழு உதை போதுமானதாக இருந்தது.
பதினொன்று ஆயிற்று.
அறுபதில் வருகிற முதல் வயிற்றுத் துடிப்பு
நாற்பத்தொன்றிலேயே வந்து
யார் நீ என்றது.

மார்ச்சில் கிளப் தேர்வு.
வெளியே பூரா காற்று
கண்ணாடிச் சன்னல்களை உலுக்கிக்கொண்டிருந்தது.
ஐம்பத்தெட்டு மீட்டரில் எழுந்தேன்.
விதி எளிது: பதினைந்து நொடிக்குள்
மூக்குக் கவ்வியைக் கழற்று,
விரலால் சைகை காட்டு,
நன்றாக இருக்கிறேன் என்று சொல்.
இடக்கை விளிம்பைப் பிடித்திருந்தது.
வலக்கை மூக்கு வரை ஏறவில்லை.
இடக்கையை விட்டேன்.
வாய் தண்ணீரைத் தொட்டது.
சிவப்பு அட்டை.

நீந்த முடிந்தது; மூக்கைத் தொட முடியவில்லை.
இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள்.
நானும்தான், இரண்டு நாள் கழித்து.

அடுத்த மாதம் எழுந்ததும்
இடது முழங்கையை விளிம்பில் முழுசாகச் சாய்த்து
மார்பு வரை மேலேறினேன்.
வலக்கை நெஞ்சுக்கு நேரே நின்றது,
கோட்டுக்குக் கீழே, ஒழுங்காக.
தலையை அதனிடம் கொண்டுபோனேன்.
கை மேலே போகக்கூடாது என்றாள் ஸ்லாவிட்சா.
மூக்கு கீழே வரக்கூடாது என்று சொல்லவில்லை.
கவ்வி கழன்றது.
கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும்
அங்கேயே ஒரு வட்டம் போட்டன.
ஐம்பத்து மூன்று. வெள்ளை.
போன முறையைவிட ஐந்து குறைவு என்றாள் லியெர்கா,
துண்டை என் தோளில் போட்டபடி, இடது தோளில்.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட்.
துறைமுகத்தில் ஏறிய ஓர் ஆள்
மேல்கம்பியை எட்டிப் பிடித்து
முழு நீளத்துக்கும் தொங்கியபடி வந்தான்,
இன்னொரு கையில் போனைப் பார்த்துக்கொண்டு.
கண்ணாடியில் அவன் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
பச்சை விழுந்த பிறகும்,
பின்னால் ஹார்ன் அடிக்கும் வரை.