ஒரு முழம் தள்ளி

கரண்ட் ரிவர் என்பது ஓர் ஆறு.
அந்த ஆற்றின் பெயரிலேயே ஒரு பேட்டை.
அங்கே கம்பி இழுக்கப் போகிறேன் என்றால்
ரொட்டிக்கடை ஹன்னெலே இன்னும் சிரிக்கிறாள்,
பதினோரு வருடமாக அதே சிரிப்பு.

தண்டர் பே. ஜனவரி. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
பெல்டியே வீட்டின் பின்சுவரில்
பனிக்கு எட்டாத உயரத்தில்
புது வெப்ப பம்ப்,
கரண்டுக்காக வாய் திறந்து காத்திருக்கிறது.

"இதற்கு யார் லைன் கொடுப்பது?"
வீட்டுக்காரர்கள் எல்லோரும் கேட்பது.
மெஷின் விற்றவர், எலக்ட்ரீஷியன் என்பார்.
எலக்ட்ரீஷியன், எதுவரைக்கும் என்பாள்.
அவள் நான்தான்.

தடித்த கம்பி என்னுடையது:
பிரேக்கரிலிருந்து சுவரின் சாம்பல் பெட்டி,
பெட்டியிலிருந்து மெஷினின் வாய்.
செம்புக் குழாயும் அதற்குள் ஓடும் வாயுவும் அவனுடையது.
தெர்மோஸ்டாட்டுக்குப் போகும் ஐந்து நிற நூல்களும்
அவனுடையதே.

அவன் ஓரெஸ்ட் ஹ்ரின்சுக்.
நேரில் பார்த்ததில்லை.
அவனுக்குச் செவ்வாய் என்றால் எனக்கு வியாழன்.
ஆனாலும் ஆளைத் தெரியும்.
ஜன்னல் விளிம்பில் சூரியகாந்தி விதைத் தோல்.
இடக்கைக்காரன், பென்சில் கோடு சாய்கிற விதம் சொல்லும்.
போன மார்ச் முழுக்க அவன் குழாய் வளைவுகள்
பார்க்கச் சகிக்கவில்லை.
யாரோ செத்திருக்க வேண்டும்
அல்லது கண்ணாடி உடைந்திருக்க வேண்டும்.
ஏப்ரலில் சரியாகிவிட்டது.

ஒருமுறை ஒரு நிலவறைப் பலகையில் எழுதி வைத்தேன்:
"குழாய்க்குப் பின்னால் என் பெட்டியா?
என் கை என்ன பாம்பா?"
அடுத்த வீட்டில் குழாய்
ஒரு முழம் தள்ளிப் போயிருந்தது.
பதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இன்றைக்கு ஸ்விட்சை ஏற்றினேன்.
விசிறி சுற்றியது.
உள்ளே பெல்டியே அம்மாள் கோட்டோடு நின்று
"சூடு வைத்தேன், குளிர் வருகிறது" என்றாள்.
என் கம்பியில் இருநூற்று நாற்பது வோல்ட்
பிசகாமல் நிற்பதை மீட்டரில் காட்டினேன்.
காட்டியிருக்கக் கூடாது.
மீட்டரைப் பார்த்து யாருக்குக் குளிர் விட்டது?

தெர்மோஸ்டாட்டின் மூடியைக் கழற்றிப் பார்த்தால்
ஆரஞ்சு நூல் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறது.
ஒரே ஒரு திருகு. அரை நிமிட வேலை.
ஆனால் என் வேலை இல்லை.
நான் தொட்டு, நாளைக்குப் பலகை கருகினால்
இன்ஸ்பெக்டர் கேட்பார், இன்ஷூரன்ஸ் கேட்கும்,
கேட்பதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள்.

மெஷினில் ஒட்டியிருந்த எண்ணைக் கூப்பிட்டேன்.
பனிச்சறுக்குத் திடல், விசில், பிள்ளைகளின் கத்தல்.
"ஓரெஸ்ட்?"
"ம்."
"ஆரஞ்சு, பி-யில் இருக்கிறது."
விதை கடிபடும் சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.
"யார் வீடு?"
"பெல்டியே."
"பாம்புக் கையா?"
"ஆமாம்."
"மாற்றிவிடு. நான் சொன்னேன் என்று
என் பெயர் போட்டு எழுது."

பிரேக்கரை இறக்கி, மாற்றி, ஏற்றினேன்.
ஐந்து நிமிடம் மெஷின் யோசிக்கும்,
அதன் படைப்பு அப்படி.
நாங்கள் இருவரும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.
வெளியே வால்வு திரும்பியது,
யாரோ பெருமூச்சு விட்டது போல.
அப்புறம் காற்று, முதலில் வெறும் காற்று,
மெதுவாக வெதுவெதுப்பு.
அம்மாள் கோட்டில் ஒரு பொத்தானைக் கழற்றினாள்.
ஒன்றே ஒன்று. நம்பிக்கை அவ்வளவுதான்.

ரசீதில் எழுதினேன்:
ஆரஞ்சு நூல், ஓ. ஹ்ரின்சுக் சொன்னபடி, கட்டணம் இல்லை.

ஜன்னல் விளிம்பில் விதைத் தோல் அப்படியே கிடந்தது.
கூட்டவில்லை.
அது என் வேலை இல்லை.