இடது தாடை

சுங்கை சுமுனில் பஸ் திரும்பும் முனையில்
உரக்கிடங்கின் பின்னறைதான் என் ஆபீஸ்.
ஒரு மேசை, ஒரு காற்றாடி,
தேத்தண்ணி வடிகட்டி இரண்டு.
ஒன்றில் தேத்தண்ணி வடிகட்டுவதில்லை.

திங்கட்கிழமை ரஃபிக் பைகளோடு வருவான்.
கூகைப் பெட்டிகளுக்கு அடியில் பொறுக்கியவை,
மேலே செம்பனை பிளாக்கின் நம்பர்,
உள்ளே கறுத்து வழவழத்த
கட்டைவிரல் பருமன் உருண்டைகள்.
கூகை எலியை முழுசாக விழுங்கும்.
செரிக்காத மயிரையும் எலும்பையும்
உருட்டித் திரட்டிக் கக்கிவிடும்.
"ஆந்தை வாந்தியை எண்ணவா ஒனக்குச் சம்பளம்?"
பசாரில் மீன் அரிந்துகொண்டே கோமளவல்லி கேட்டாள்.
ஆமாம் என்றேன். இபிஎஃப்பும் உண்டு.

வெந்நீரில் போட்டால் மயிர் பிரியும்,
மழையில் நனைந்த நாயின் வாடை எழும்.
இடுக்கியால் இழுக்க இழுக்க
நெத்திலி முள்ளைவிட மெல்லிய விலா,
கோக்காமல் சிதறிய முதுகெலும்பு மணிகள்,
எதன் கால் என்றே தெரியாத கால்கள்.
மண்டை கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.
முன்னே மஞ்சளாய் இரண்டு உளி,
பிறகு பல்லே இல்லாத ஒரு வெற்றிடம்,
அதற்கும் பின்னால் கடைவாய்ப்பல் மும்மூன்று.
அந்த வெற்றிடம் இருந்தால் எலி.
காட்டெலியா வீட்டெலியா என்று கேட்டால்
அளவுகோல், லென்ஸ், பொறுமை.
சில நாள் மூன்றும் போதாது.

எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு.
யூனிவர்சிட்டியிலிருந்து வந்த நூர் ஹிடாயா
இரண்டு பிரியாணித் தட்டு வைத்துக் காட்டினாள்.
இடது கீழ்த்தாடை இதில்,
வலது கீழ்த்தாடை அதில்.
இடது பதினொன்று, வலது ஒன்பது என்றால்
குறைந்தது பதினோரு எலி. இருபது அல்ல.
ஒன்றை இரண்டு தரம் எண்ணிவிடக் கூடாது,
அதுதான் பயம்.

போன வருஷம் ரோட்டை அகலமாக்க
பழைய மூணாம் டிவிஷன் இடுகாட்டைத் தோண்டினார்கள்.
சாக்கு இந்தக் கிடங்கிலிருந்துதான் போனது.
நான்தான் எண்ணிக் கொடுத்தேன், நாற்பது சாக்கு.
கன்ட்ராக்டர் பாரத்தில் எழுதினான்:
எழுபது பேர், ஏறக்குறைய.
கோயில் தலைவர் கையெழுத்துப் போட்டார்.
என் பெரியப்பா ராக்கனும் அந்த ஏறக்குறையவில்தான்.
எல்லாரும் கற்பூரம் கொளுத்தினார்கள்.
எனக்கு வாய்வரை வந்து நின்றது:
இடது எத்தனை?

பதினாலாம் பிளாக் பையில் ஒருநாள்
கூம்பாய் ஒரு மண்டை.
கன்னத்தில் எலும்பு வளைவே இல்லை.
வெற்றிடமும் இல்லை, முன்னிருந்து பின்வரை
நெருக்கி நட்ட ஊசிகள்.
மூஞ்சூறு.
பாரத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
"மூக்கு நீண்ட எலிதானே, எலியில் போடு,"
என்றார் என்சிக் ரஸ்லான்.
பூச்சி தின்னும் பிராணி அது.
எலிக்கணக்கு ஏறினால் மருந்து வைப்பார்கள்.
மருந்து தின்ற எலியைக் கூகை தின்னும்.
அப்புறம் பெட்டிக்கு அடியில்
ரஃபிக் குனியவே வேண்டியதில்லை.

எங்கள் பிள்ளையார் கோயில் சிமெண்டு மூஞ்சூறுக்கும்
கொத்தனார் எலிப் பல்தான் வைத்திருக்கிறார்,
முன்னே இரண்டு, மஞ்சள் பெயிண்டு அடித்து.
வெள்ளிக்கிழமை கும்பிடும்போது
கண் அங்கேயே போய் நிற்கிறது.

பாரத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
மூஞ்சூறு, 1.
ரஸ்லான் அழித்துவிட்டார்.
அடுத்த மாதம் பேனாவால் எழுதினேன்.

மேசை இழுப்பறையில் ஒரு தீப்பெட்டி,
பஞ்சு வைத்து அதற்குள் ஒரு தாடை.
எலி இல்லை, மூஞ்சூறு இல்லை, வவ்வாலும் இல்லை.
ஹிடாயாவுக்குப் படம் அனுப்பி மூன்று வாரம்.
பார்த்துவிட்டாள், நீலக் கோடு விழுந்திருக்கிறது.
பதில் இல்லை.
இடது ஒன்று.
ரஃபிக்கிடம் சொல்லி வைத்திருக்கிறேன்,
அதே மரத்தடியில் இன்னொரு தரம்
புல்லை விலக்கிப் பார்க்கச் சொல்லி.