இருபத்தைந்து கட்டம்

கோத்தகிரிக்குக் கீழே பதினோராவது வளைவு தாண்டி
தகரக் கூரையில் மூடுபனி ஒட்டிக்கிடந்த காலையில்
தேயிலை ஆலையின் மேசைமேல் என் தாளை விரித்தேன்.
"ஜாதகமா மேடம்?" என்றார் பெள்ளிராஜ்.
கிட்டத்தட்ட.
அதில் பன்னிரண்டு கட்டம், இதில் இருபத்தைந்து.
குறுக்கே, எத்தனை முறை நடக்கும்.
நெடுக்கே, நடந்தால் எவ்வளவு போகும்.
பெருக்கினால் ஓர் எண், எண்ணுக்கு ஒரு நிறம்.
பரிகாரமும் உண்டு,
கோவிலில் இல்லை, கொட்டேஷனில்.

அவர் கையில் பதினெட்டு லட்சம்.
கோயம்புத்தூர்க்காரர் விற்க வந்த தெளிப்பான் முப்பத்தொன்று.
"பன்னிரண்டு வருஷமா இங்க தீயே இல்ல."
நீட்டிய பதிவேட்டில் பக்கமெல்லாம் வெள்ளை.
குறுக்கே இரண்டு என்று பென்சிலால் எழுதினேன்.
நெடுக்கே ஐந்துதான்:
இலை வாட்டும் மாடியில் பத்தொன்பது பேர்,
இறங்க ஒரே மரப்படி.
பத்து. மஞ்சள்.

பிறகு சுற்றினேன்.
அடுப்பு வாயிலிருந்து நாலு எட்டில்
கற்பூர மரக் கட்டைகள், கூரையைத் தொட்டு.
சூடேற்றிக் குழாய் மாற்றியது எந்த வருஷம்?
ஆளாளுக்கு வேறு ஆளைக் கைகாட்டினார்கள்.
சலிப்பறை உத்தரத்தின் மேல்
விரற்கடை கனத்துக்குத் தேயிலைப் பஞ்சு.
கோடு இழுத்துப் பார்த்தேன்.
சாயங்காலம் வரை விரல் மணத்தது.

ராத்திரி ஷிப்டில்
டிரையர் அருகே நின்றவள் பெயர் பரமாயி.
காலடியில் வாளி, வாளியில் ஊறும் சாக்கு.
"இது எதுக்கு?"
"சும்மாதான்."
சும்மா ஊறும் சாக்கின் ஓரம்
கருகியிருக்காது.

இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சொன்னாள்.
மகளுக்கு முன்பல் விழுந்த வாரம் ஒன்று.
பஞ்சாயத்துத் தேர்தலுக்கு மறுநாள் ஒன்று.
போன ஏப்ரலில் மட்டும் இரண்டு, ஒரே ராத்திரி.
"தீன்னு சொல்ல முடியாது. பொறி வரும்,
சாக்கால அடிப்போம்,
கருகின தூளைத் தனியாத் தள்ளிருவோம்."
எண்ணிக்கொண்டே வந்தேன். ஏழு.
"ஏன் எழுதல?"
"எழுதுனா மிஷின் நிக்கும்.
நின்னா அரைச் சம்பளம்.
எம் பேரு போட்டுறாதீங்க."

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
இங்கே ஏழு நெருப்பு, ஏட்டில் புகையே இல்லை.
இரண்டை அழித்தேன், தாள் கொஞ்சம் கிழிந்தது.
நான்கு. நாலைந்து இருபது. சிவப்பு.
'ஆதாரம்: நேரடிக் கள ஆய்வு' என்று மட்டும் எழுதினேன்.

மறுநாள் பெள்ளிராஜோடு கணக்குப் போட்டோம்.
தெளிப்பானுக்குத் தண்ணீர் வேண்டும்;
மார்ச்சில் ஓடை ஒரு சாண்.
தீயணைப்பு வண்டி நாற்பது நிமிஷம்,
சீசனில் சுற்றுலா பஸ்களின் பின்னால் எவ்வளவோ.
ஆகவே
குழாய் முழுக்கப் புதிது.
காற்றுப்பாதையில் பொறி கண்டால் மூடும் கதவு.
விறகு முப்பதடி தள்ளி.
மாடிக்கு இரும்பில் இன்னொரு படி.
திங்கள்தோறும் மிஷினை நிறுத்தி
உத்தரத்துப் பஞ்சை இறக்க வேண்டும்.
அந்த நேரத்துக்கும், பொறி எழுதி நிற்கும் நேரத்துக்கும்
முழுக் கூலி.

கடைசி வரியில் அவர் பேனா நின்றது.
"இது எப்படி மேடம் தீயணைப்புச் செலவு?"
"பட்டியலில் மலிவானது இதுதான்."
ஜன்னலுக்கு வெளியே லாரி ஒன்று
பின்னோக்கி வந்துகொண்டே இருந்தது.
கையெழுத்துப் போட்டார்.

மூட்டை கட்டும் அறைக்குப் பணம் எட்டவில்லை.
அந்தக் கட்டம் ஆரஞ்சு.
அடுத்த வருஷம் என்று எழுதியிருக்கிறேன்.
பஸ்ஸில் இறங்கும்போது
காது அடைத்துத் திறந்த ஒவ்வொரு வளைவிலும்
அந்த அறைதான் கண்ணில் நின்றது.
வாளியை எடுக்கச் சொல்லவில்லை.

இரண்டாம் மாதம் பதிவேட்டின் படம் வந்தது.
சாய்ந்த எழுத்து:
'ராத்திரி 2.40. பொறி. ரெண்டு சாக்கு. 20 நிமிசம் நிறுத்தம்.'
கீழே இன்னொன்று, வேறு கை.
கூடவே பெள்ளிராஜின் போன்:
"என்ன மேடம்,
நீங்க வந்துட்டுப் போனப்புறம்தான்
தீயே வர ஆரம்பிச்சிருக்கு."